துருவி அக்காவும் ரெண்டு சுழியும்

அந்தக் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள், உள்ளே நுழையும் முன் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டி அக்கா இருக்கிறாளா என்று எட்டிப் பார்ப்பார்கள். இருந்தால் பாதிப் பேர் ஏதோ மறந்துவிட்ட மாதிரி நெற்றியைத் தட்டிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். மீதிப் பேருக்கு நெஞ்சழுத்தம் இருக்கும், இல்லையென்றால் பொருள் உண்மையிலேயே பழுதாகியிருக்கும். இந்த இரண்டாவது வகையைத் தான் பார்த்ததே அபூர்வம் என்பது அக்காவின் கட்சி.

கடையில் அவளுக்கு வைத்த பெயர் துருவி. காய் துருவுகிற கருவி காயை மட்டும்தான் துருவும். அக்கா ஆளைத் துருவுவாள், ஆள் கொண்டுவந்த பையைத் துருவுவாள், டப்பாவை ஒட்டியிருந்த டேப் ஒருமுறை பிரித்ததா இருமுறை பிரித்ததா என்று அதையும் துருவுவாள். அவள் காது படவே எல்லோரும் அப்படிக் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனாலும் அந்தப் பெயரை முதலில் வைத்தவர் யார் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

போனும் டேப்லெட்டும் விற்கிற கடை அது. மாடிப்படிக்குக் கீழே, தலையைக் குனிந்து உட்காரவேண்டிய மூலையில் அக்காவின் மேஜை. தொடுதிரையில் எழுதுகிற, படம் போடுகிற பேனாக்கள் அவளுடைய தனி ராஜ்ஜியம். புதிதாக எந்தப் பேனா வந்தாலும் அக்கா எழுதிப் பார்த்த பிறகுதான் அலமாரிக்குப் போகும். ஒவ்வொன்றைப் பற்றியும் அவளிடம் ஒரு தீர்ப்பு இருக்கும், சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல.

ரப்பர் மூக்குப் பேனா: "ஊரெல்லாம் தொடும், ஒரு இடத்துல உருப்படியா நிக்காது."

முனையில் கண்ணாடி வட்டம் ஒட்டிய பேனா: "ஆள் பாக்க லட்சணம். லேசா தட்டினா மூஞ்சி உடஞ்சிடும்."

சார்ஜ் போடும் பேனா: "வேலைக்காரன்தான். ஆனா வேலைக்கு முன்னாடி சாப்பாடு கேப்பான்."

டேப்லெட்டோடு ஜோடியாக வரும், பேட்டரியே இல்லாத பேனா: "இவன் ஒருத்தன்தான் யோக்கியன். ஆனா பொண்டாட்டிய விட்டு வேற திரையில எழுதமாட்டான்."

மற்ற விற்பனையாளர்கள் பேனாவைச் சோதிக்க ஒரு பூவோ கிறுக்கலோ போட்டுக் காட்டுவார்கள். அக்காவிடம் அந்த வேலையே கிடையாது. முதலில் அடிமட்டத்தை வைத்து மெதுவாக ஒரு சாய்கோடு. மட்டமான பேனா என்றால் கோடு புழு மாதிரி நெளியும். பிறகு உள்ளங்கையைத் திரையில் அழுத்தி வைத்துக்கொண்டு மெய்யெழுத்து, க் முதல் ன் வரைக்கும். "பூவ எப்படிப் போட்டாலும் பூதான்மா. புள்ளிதான் காட்டிக் கொடுக்கும்" என்பாள். நாம் புள்ளி வைக்கும்போது கை திரையை ஒரு கணம்தான் தொடும். சோம்பேறிப் பேனா அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். க் வெறும் க ஆகி நிற்கும்.

ஒருநாள் கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஓர் ஆள் வந்து, "இந்தப் பேனா சரியில்லைங்க. கோடு நடுங்குது" என்றார்.

அக்கா கோடு போட்டாள். நேராக வந்தது. பேனாவின் பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தம்பி, பசிச்சா சாப்பிடணும். பேனாவக் கடிக்கக் கூடாது."

"நான் கடிக்கல!"

"அப்ப வீட்டுல எலி வளக்கறீங்களா? பல்லு வரிசை நல்லா இருக்கே."

அவர் வாயை மூடிக்கொண்டு போனார். பல் வரிசையை மறைக்கத்தான் மூடினார் என்று பில் போடும் பெண் சொன்னாள். அவளுக்குப் பெயர் ரசீது. எதைச் சொன்னாலும் இரண்டு பிரதியாகச் சொல்லுவாள், அதனால்.

வெளியாட்களிடம் இப்படியென்றால் வீட்டில் எப்படியிருக்கும்? வீட்டில் இரண்டே பேர், அக்காவும் அவள் புருஷனும். அவர் ஒரு சரக்குக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை. பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். பெண் பார்க்க வந்த அன்றே அக்கா அவருடைய இரண்டு உள்ளங்கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தாளாம். ஜோசியம் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் பார்த்தது காய்ப்பு. ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு இருந்தால்தானே டிரைவர் என்று சொன்னது நிஜம்? இருந்தது. கட்டிக்கொண்டாள். அதன் பிறகு அவள் எதைச் சந்தேகப்பட்டாலும் அவர், "உள்ளங்கைய நீட்டட்டுமா?" என்று கேட்டுச் சிரிப்பார். அவளும் சிரித்துவிடுவாள். அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பு கொஞ்ச காலமாகக் காணாமல் போயிருந்தது.

முதலில் சட்டை. அத்தனை வருஷமும் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு போனவர், திடீரென்று மேல் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் சட்டையே போய், தலைவழியே மாட்டுகிற பனியன் சட்டை வந்தது. அக்கா கண்ணாடி முன் நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன, வயசு குறையுதா?"

"காத்தோட்டமா இருக்கு."

"இத்தன வருஷம் காத்து எங்க போயிருந்துச்சு?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறகு ஒருநாள் டீ டம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்தது. "கைதவறிடுச்சு" என்றார். மனசில் வேறு யாரோ இருந்தால் கையில் டம்ளர் எப்படி நிற்கும் என்று அக்கா கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக்கொண்டே கணக்குப் போட்டாள்.

அப்புறம்தான் அந்தப் பேனா.

சாப்பாட்டுப் பையைத் துவைக்கப் போனபோது பக்கவாட்டு ஜிப்புக்குள் உருளையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். வெள்ளை நிறத்தில் ஒரு தொடுதிரைப் பேனா. அவள் கடையிலிருந்து வந்தது இல்லை. வீட்டில் டேப்லெட்டும் இல்லை. அவருடைய போனோ மூலை உடைந்த பழசு, அதில் விரலால் எண்ணை அழுத்துவதே போராட்டம். அப்படியிருக்க இவருக்கு எதற்குப் பேனா?

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பாள். அக்கா ஜன்னலோரம் போய் முனையைப் பார்த்தாள். அந்த ஜாதிப் பேனாவுக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், டேப்லெட்டின் ஓரத்தில் காந்தமாக ஒட்டிக்கொள்வதற்கு. அந்தத் தட்டை விரலுக்கு வாகாக இருப்பதால் யாரும் அதை எப்போதும் ஒரே மாதிரிதான் பிடிப்பார்கள். முனை தேய்ந்தால் ஒரே பக்கமாகத் தேயும். இந்த முனையும் தேய்ந்திருந்தது, நன்றாகவே. ஆனால் வலது கைக்கு எந்தப் பக்கம் தேயவேண்டுமோ அந்தப் பக்கம் இல்லை.

இடது கைக்காரர் எழுதிய பேனா.

அவள் புருஷன் வலது கைக்காரர். அவர் பக்கத்துச் சொந்தத்திலும் இடது கைக்காரர்கள் யாரும் இல்லை. கல்யாண வீட்டில் பரிமாறும்போதே அக்கா அதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறாள். பேனாவை இருந்த மாதிரியே, இருந்த சாய்விலேயே ஜிப்புக்குள் வைத்து மூடினாள். அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே மெதுவாகத் தூண்டில் போட்டாள்.

"இன்னிக்கு யாரையாவது பாத்தீங்களா?"

"ரோட்டுல நிறையப் பேரப் பாத்தேன்."

"பேசினீங்களா?"

"ஹாரன்லதான்."

நகைச்சுவைக்குக் குறைச்சலில்லை. ஆனால் கண் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இதை எல்லாம் பார்க்காமல் விடுகிற கண்ணா அக்காவுக்கு?

மறுநாள் காலை அவர் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு இறங்கிப்போய்விட்டார். அக்கா எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தெருவோரம் வேன் நின்றிருந்தது, ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா கதவுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள். ஒட்டுக்கேட்பது தப்பு என்று யாராவது சொன்னால், காது தானாகத்தான் கேட்கிறது, நான் என்ன செய்வது என்பாள்.

"மூணு சுழி பரவாயில்லங்க. வந்துடுது. ரெண்டு சுழிதான் இன்னும் வழிக்கு வரல..."

போனுக்குள் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிச் சிரித்தது.

"வீட்டுலயா? ஐயோ, தெரியாதுங்க. தெரிஞ்சா அவ்வளவுதான். துருவி எடுத்துடுவா."

அக்கா பையை வேனின் பின்பக்கப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். படியேறும்போது ஒரே ஒரு சொல்தான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ரெண்டு சுழி.

தலையில் ரெட்டைச் சுழி இருக்கிற ஆணுக்கு ரெண்டு பொண்டாட்டி என்று சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! பையன்களுக்கு மொட்டை அடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் மண்டையைத் தடவிப் பார்த்து இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அக்கா இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கும் ஓர் ஆதாரம் வேண்டுமே?

அன்றைக்கே, அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது பின்னால் போய் நின்று தலையில் கை வைத்தாள்.

"என்ன பண்ற?"

"பொடுகு இருக்கான்னு பாக்கறேன்."

"முடி இருந்தாத்தானே பொடுகு?"

அங்கேதான் வழக்கு தோற்றது. சுழி இருக்கவேண்டிய இடத்தில் பளபளவென்று வழுக்கை. ஒரு சுழியோ ரெண்டு சுழியோ, சாட்சி முழுதாக அழிக்கப்பட்டிருந்தது.

கடையில் ரசீதிடம் மட்டும் சொன்னாள். அவள் கேட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, மாமா அப்படிப்பட்டவர் இல்ல. நிச்சயமா இல்ல."

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியுது. பாத்தாலே தெரியுது."

"மூஞ்சியப் பாத்து நான் ஒரு பேனாகூட வாங்கினது இல்லடி."

"நேரடியா கேட்டுடுங்களேன்."

"கேட்டா என்ன சொல்வாரு? இல்லன்னுவாரு. இல்லன்னு சொன்னா நான் நம்பணும், இல்ல பிரியணும்." மேஜையில் இருந்த பேனா முனைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "இந்த ஆள விட்டுட்டு நான் எங்கடி போவேன்? ஆனா பொய் சொல்ற ஆளோட ஒரே தட்டுல எப்படிச் சாப்பிடுவேன்? தெரிஞ்சே ஆகணும்."

ரசீது முதல் தடவையாக எதையும் இரண்டாம் பிரதி போடவில்லை.

அக்காவுக்குத் தெரிந்த விசாரணை ஒன்றுதான். புருஷனுக்குப் போன் போட்டு, "கடைக்குப் புதுசா பேனா வந்திருக்கு, வெளியாள் ஒருத்தர் எழுதிக் காட்டணுமாம். போற வழியில வந்துட்டுப் போங்க" என்றாள். பேனாவைப் பார்த்தால் முகம் மாறுகிறதா, கைக்கு அது பழக்கப்பட்டதா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியவேண்டும். அந்த இடது கைக்காரியோடு சேர்ந்து அவரும் எழுதிப் பழகியிருந்தால் பிடி தானாகத் தெரிந்துவிடும்.

மத்தியான வேளை கடை காலியாக இருந்தது. அவர் வந்து மாடிப்படிக்குக் கீழே தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அக்கா டேப்லெட்டை முன்னால் தள்ளி, பேனாக்களை வரிசையாக வைத்தாள். அந்த வெள்ளை ஜாதிப் பேனாவையும் நடுவில் ஒன்று வைத்திருந்தாள். அவர் கண் நேரே அதன்மேல்தான் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது.

"எது வேணா எடுங்க. மெய்யெழுத்து எழுதுங்க."

"மெய்யெழுத்தா? படம் ஏதாவது போடறேனே."

"மெய்யெழுத்து."

ரப்பர் மூக்கை வலது கையில் எடுத்தார். க் எழுதினார். புள்ளி க-வின் தலையில் விழாமல் பக்கத்தில் விழுந்தது. ங் கொஞ்சம் சரிந்து வந்தது. "பேனா வழுக்குது" என்று அதை வைத்துவிட்டு, கண்ணாடி வட்டத்தை எடுத்தார். அதுவும் சரியில்லை என்றார். சார்ஜ் பேனாவை எடுத்தார். ஞ் ஒரு மாதிரி வந்துவிட்டது. நெற்றியில் வேர்வை. கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதுங்க."

ட். பிறகு ண். சுழித்துச் சுழித்து ஒருவழியாகப் போட்டுவிட்டு, வாய்க்குள்ளேயே, "மூணு சுழி வந்துடுச்சு" என்றார்.

அக்காவின் முதுகு நிமிர்ந்தது. மாடிப்படியில் தலை இடித்தது. வலி தெரியவில்லை.

அவர் கவனிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு த், ந், ப், ம் என்று இறங்கிக்கொண்டிருந்தார். ழ் எழுதும்போது மூச்சே விடவில்லை. ள், ற். கடைசியில் ன்.

சுழித்தார். ஒரு சுழி. இரண்டு சுழி. அங்கே நிறுத்தவேண்டும். கை நிற்கவில்லை. அது பாட்டுக்கு இன்னொரு சுழி போட்டுவிட்டுத்தான் நின்றது.

"இது ண" என்றாள் அக்கா. "ன போடுங்க."

அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் மூன்று சுழி.

"பேனா சரியில்ல" என்றார்.

"எல்லாப் பேனாவையும் பாத்துட்டீங்க."

 அவர் அந்த வெள்ளைப் பேனாவை எடுத்தார். இடது கையில். அச்சடித்த மாதிரி ஒரு ன் எழுதி, அதன் தலையில் சரியாகப் புள்ளி வைத்தார்.

 தேய்ந்த முனை, திறந்த பட்டன், உடைந்த டம்ளர் எல்லாம் அக்காவின் கண்முன்னே இடம் மாறி உட்கார்ந்தன. அத்தனை சாட்சியையும் அவள்தான் சேர்த்தாள். அத்தனையையும் தப்பாகப் படித்ததும் அவள்தான்.

"வலது கை என்னாச்சு?"

"மரத்துப்போகுது. கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும். தொட்டா தெரியமாட்டேங்குது. மணிக்கட்டுல நரம்பு மாட்டிக்கிட்டு இருக்காம். ஆஸ்பத்திரில கைக்குப் பயிற்சி சொல்லித் தர்றவங்க இந்தப் பேனாவும் ஒரு டேப்லெட்டும் இரவல் கொடுத்தாங்க. வலது கைக்குச் சுழி எழுத்து நல்லதாம். அது சரியாகற வரைக்கும் கையெழுத்துக்கு இடது கையப் பழக்கிக்கச் சொன்னாங்க. வேன்ல வச்சு எழுதறேன்."

"அந்த அம்மாதான் போன்லயா?"

"கேட்டியா?" என்று நிமிர்ந்தார். பிறகு, "கேட்டிருப்பே" என்று தணிந்தார்.

"வயசென்ன அந்த அம்மாவுக்கு?"

"நம்ம அம்மா வயசு இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. அதில் அதட்டல் சரியாக வரவில்லை. "ஏன் சொல்லல?"

அவர் பேனாவின் தட்டைப் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சொன்னா சோதிப்ப. தினமும் டம்ளரத் தூக்கு, பட்டனப் போடு, ஊசியில நூலக் கோருன்னு பாப்ப. நீ பாக்கும்போது வராதுன்னு எனக்குத் தெரியும். இப்பப் பாரு, வரல."

கடையில் அத்தனை பேரையும் வாயடைக்க வைத்தவள், மேஜையில் இருந்த பேனாக்களை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். நீ பாக்கும்போது வராது. இதைவிட ஒரு ரெண்டாம் பொண்டாட்டியைக் கூட்டி வந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆனால் துருவிக்குத் துருவாமல் இருக்க முடியுமா? அடுத்த கேள்வி தானாக வந்தது.

"இந்தக் கைய வச்சுக்கிட்டா வண்டி ஓட்டறீங்க?"

"பிரேக் காலுலதானே இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அவரும் உடனே தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும். தப்புதான். வேனை வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயம். இருபது வயசுலருந்து ஸ்டியரிங்கத் தவிர வேற எதுவும் பிடிச்சதில்ல நான். இன்னிக்குச் சரக்க வேற ஆளுக்கு மாத்திவிட்டுடறேன். நாளைக்குக் காலையில மேற்பார்வையாளர்கிட்ட நேரா போய்ச் சொல்லிடறேன். ஆபரேஷனுக்கும் நாள் கேட்டுடறேன்."

"சத்தியமா?"

வழக்கப்படி என்றால் அவர் உள்ளங்கையை நீட்டியிருக்கவேண்டும். நீட்டவில்லை. "சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அக்கா மேஜையில் வந்து உட்கார்ந்தபோது போன் கையிலேயே இருந்தது. மேற்பார்வையாளர் எண் அவளிடம் உண்டு. போன வருஷம் வேன் வழியில் நின்றுவிட்டது என்று புருஷன் சொன்னபோது, நிஜமாகவே நின்றதா என்று கூப்பிட்டுக் கேட்டவள் அவள். அந்த ஆள் இவள் குரலைக் கேட்டாலே, "சொல்லுங்க துருவிம்மா" என்பார். ஒரு அழுத்து அழுத்தினால் போதும். புருஷன் உள்ளே போனாரா, வாயைத் திறந்தாரா, எல்லாம் தெரிந்துவிடும்.

எண்ணைத் திரையில் கொண்டுவந்தாள். பார்த்தாள். திரை தானாக அணைந்தது. மறுபடி தட்டி எழுப்பினாள்.

"பேசிடுங்க அக்கா, பேசிடுங்க" என்றாள் ரசீது, பில் மேஜையிலிருந்து.

"நீ உன் வேலையப் பாரு."

யாரோ ஒருத்தர் ஒரு பேனாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அக்கா டப்பாவைக்கூடத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு முத்திரை குத்தி அனுப்பினாள். தயாராக வைத்திருந்த பொய்யைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காத குழப்பத்தில் அந்த ஆள் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

போனை மேஜையின் இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். ஒரு பேனாவை எடுத்துக் கோடு போட்டாள். கோடு நேராக வந்ததா இல்லையா என்று பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறக்கவும் இல்லை.

அது தானாக அடித்தது. எடுத்தாள்.

"சொல்லிட்டேன்" என்றார் புருஷன். பின்னால் லாரி ஒன்று பின்வாங்குகிற சத்தம் கேட்டது. "கை சரியாகற வரைக்கும் கிடங்குல பார்சல் பிரிக்கச் சொல்லியிருக்காரு. வேன வேற பையன் எடுத்துக்கறான்."

"சரி" என்றாள் அக்கா.

"ஆபரேஷனுக்கும் கேட்டுட்டேன். அடுத்த வாரம் வரச் சொல்றாங்க."

"சரிங்க."



"ஏய்... என்ன, ஒண்ணும் கேக்கமாட்டேங்கற? அவர் என்ன சொன்னாரு, மூஞ்சி எப்படி இருந்துச்சு, எதுவும் கேக்கல?"

"சாயங்காலம் வந்து சொல்லுவீங்கல்ல."

"உடம்பு சரியில்லயா உனக்கு?" அவர் குரலில் இப்போது நிஜமான சந்தேகம். "அழறியா? அங்க என்ன நடக்குது? யார் இருக்கா பக்கத்துல?"

"ஒண்ணும் இல்லங்க, ஆள் வந்திருக்கு. அப்புறம் பேசறேன்" என்று அக்கா போனை வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மேஜைக்கு முன்னால் ஒருவரும் இல்லை.